34 காய் செஸ் செட்: சேலம் டோர்னமென்ட்டுக்குத் தாங்குமா?

சேலத்துப் பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் சிறுவர் செஸ் போட்டி பலவற்றுக்கு போர்டும் காயும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இதற்கென்றே கடைகளில் கிடைப்பது, சுருட்டும் வினைல் போர்டும் 34 பிளாஸ்டிக் காயும் பையும் சேர்ந்த செட். ராஜா 3.75 அங்குலம், அதாவது 9.5 செ.மீ.; உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே சொல்லும் உயரமும் அதுதான். கட்டம் 2.25 அங்குலம். ஒரே கட்டத்தில் நாலு சிப்பாயை நிறுத்திப் பாருங்கள். அடங்கினால் அளவு சரி.

32 போக மீதி 2 காய், கூடுதல் ராணிகள். கொடுக்கிற காசு இதற்கே தகும். சின்னப் பிள்ளைகள் பிரிவில் சிப்பாய் எட்டாவது வரிசையைத் தொட்டு ராணியாக மாற வேண்டிய நேரம், வெட்டுப்பட்ட ராணி எதிராளியின் கையில் உருண்டுகொண்டிருக்கும். பையன் ஒரு யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, "ராணி" என்று சொல்லி, நகர்வு முடிந்ததென்று செஸ் கிளாக்கை அமுக்கிவிடுவான். விதிப்படி அது யானைதான். அடுத்து அதை மூலைவாட்டில் நகர்த்தி கிளாக்கை அமுக்கினால் தவறான நகர்வு: ரேபிட் (குறைந்த நேர) ஆட்டத்தில் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாம் முறை பெரும்பாலும் ஆட்டமே போச்சு. சிப்பாயை மாற்றாமலே கிளாக்கை அமுக்கினாலும் இதே கதிதான். (ராணி கைக்கு எட்டாவிட்டால் கிளாக்கை நிறுத்தி நடுவரை (ஆர்பிட்டர்) கூப்பிட உரிமை உண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.) ஆட்டம் தொடங்கும் முன்பே ஆளுக்கொரு கூடுதல் ராணியை போர்டு ஓரத்தில் நிறுத்திவிட்டால் இந்த வம்பே இல்லை.

அடியில் எடை வைத்த காய்களாகப் பார்த்து வாங்குங்கள். வெற்றுக் காய் சட்டைக்கை பட்டாலே சாயும். சாய்த்தவர் தன் கிளாக் ஓட ஓடத்தான் நிமிர்த்தி வைக்க வேண்டும். நேரம் குறைந்த கடைசிக் கட்டத்தில் அது கொடுமை.

போர்டின் குறை, ஓரம் சுருண்டு எழுவது. கட்டம் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். விரித்தால் ஓரம் மேசையோடு படியும். மடித்து வண்டி டிக்கியில் வெயிலில் விட்டால் மடிப்புக் கோடு சுலபத்தில் போகாது. ஏற்காடு குளிரில் வினைல் விறைத்துப்போகும், ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்பே விரித்துவிடுங்கள். முழு போர்டு சுமார் 20 அங்குலம், ஒடுக்கமான பள்ளி டெஸ்க்கில் ஓரம் தொங்கும்.

கிளாக் இந்த செட்டில் வராது, தனியாக வாங்க வேண்டும். பையில் அதற்கு அறை இருக்கிறதா பாருங்கள். காயோடு சேர்த்துப் போட்டால் திரை கீறிவிடும்.