புஷ் மாற்றுவதா, ஆக்சிலையே மாற்றுவதா?

அப்பா காலத்து டிராக்டர். வரப்பு ஏறினாலே முன்பக்கம் டக் டக்கென்று அடித்தது. ஜாக்கி ஏற்றி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். முன் ஆக்சிலை நடுவில் தாங்கும் இரும்புப் பின்னில் (நடுப் பின்), ஆக்சில் முன்னும் பின்னும் நன்றாகவே ஆடியது. அந்தப் பின்னைச் சுற்றி ஓட்டைக்குள் இருக்கும் உலோகக் குழல்தான் புஷ்.

காயலான் கடையில் முழு ஆக்சில் வாங்கி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும், அது உண்மைதான். ஆனால் அதுவும் எங்கோ சேற்றில் உழுது தேய்ந்ததுதானுங்க. அதன் நடுப் பின்னும் புஷ்ஷும் எப்படி இருக்கும் என்று பிரித்தால்தான் தெரியும்.

புஷ் வேலைக்குப் பொறுமை வேண்டும். கழற்றிய ஆக்சிலைக் கோயம்புத்தூர் லேத்துக்குக் கொண்டுபோனேன். தேய்ந்த ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. அதற்குள் புதுப் புஷ்ஷை அடித்து இறக்கினால் சில மாதத்தில் மறுபடி ஆடும். போரிங் போட்டு வட்டமாக்கி, அந்த அளவுக்கு கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைந்து, புதுப் பின்னோடு இறக்க வேண்டும். புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை, வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் நிப்பிளுக்கு நேராக வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்க. கொஞ்சம் திரும்பினாலும் கிரீஸ் உள்ளே போகாது. கையோடு, முன் சக்கரங்கள் திரும்ப உதவும் கிங்பின்களின் புஷ்களையும் மாற்றிவிட்டேன்.

ஆக்சில் நேராக இருக்கும்வரை என் ஓட்டு புஷ்ஷுக்குத்தான். வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் வெல்டிங்கை நம்பி ரோட்டில் டிரெய்லர் இழுக்காதீங்க. அப்போது ஆக்சிலையே மாற்றிவிடுங்க. எது செய்தாலும் சேற்றுழவு முடிந்த அன்றே, பழைய கிரீஸ் சேற்றோடு வெளியே பிதுங்கும்வரை பம்ப் அடிக்கணும்.