மின்சாரம் போய் வந்தாலும் கலையாத திரைகள்: லினக்ஸில் இரண்டு மானிட்டர் அனுபவம்

கும்பகோணத்தில் புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில். பல ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளத்தில் இரண்டு மானிட்டர்களை வைத்து வேலை செய்கிறேன். நேரெதிரே 27 அங்குல 4கே திரை. அதில் ஸ்கிரைபஸ் என்னும் பக்க வடிவமைப்புச் செயலி எப்போதும் திறந்திருக்கும். இடப்பக்கம் 24 அங்குல முழு எச்டி திரையைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். மூலப் பிரதியின் முழுப் பக்கமும் அதில் ஒரே பார்வையில் தெரியும். மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில், ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வை வைத்திருந்தவரை எழுத்தின் அளவுதான் பெருந்தொல்லை. பெரிய திரையில் அங்குலத்துக்குச் சுமார் 163 புள்ளிகள், சிறியதில் 92. எக்ஸ்11 இரண்டுக்கும் ஒரே அளவீட்டைத்தான் வைத்துக்கொள்ளும். பெரிய திரையில் மெனு படிக்கும்படி இருந்தால், சிறிய திரையில் எழுத்துகள் பூதாகரமாக நிற்கும். திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் சரிக்கட்டலாம், ஆனால் எழுத்து மங்கிவிடும். தமிழில் புள்ளி மங்கினால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியும். மெய்ப்பில் அதைவிட ஆபத்து வேறென்ன?

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, பிளாஸ்மா 6.3 என்னும் மேசைச்சூழலுடன் வந்தது. எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வில் பெரிய திரைக்கு 150 விழுக்காடு, சிறியதற்கு 100 எனத் தனித்தனியாக அமைத்தேன். இரண்டிலும் எழுத்து கூர்மையாக நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

அடுத்தது மின்சாரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். என் யுபிஎஸ் கணினியையும் பெரிய திரையையும் மட்டுமே தாங்கும். சிறிய திரை அணைந்துவிடும். அது டிஸ்பிளேபோர்ட் வகைக் கேபிளில் இருந்தபோது, ஒவ்வொரு மின்வெட்டிலும் செயலிகளின் ஜன்னல்கள் எல்லாம் பெரிய திரைக்கு வந்து குவியும். காரணம் எளியது: அணைந்த மானிட்டர் இணைப்புச் சமிக்ஞையை நிறுத்திவிட்டால், கேபிளையே பிடுங்கிவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. எச்டிஎம்ஐ வகைக் கேபிளில் கணினியே 5 வோல்ட் அனுப்புவதால், மானிட்டர் அணைந்திருந்தாலும் அதன் அடையாளத் தகவலைப் பெரும்பாலும் படிக்க முடிகிறது. சிறிய திரையை எச்டிஎம்ஐக்கு மாற்றிய பிறகு மின்சாரம் போய் வந்தாலும் ஜன்னல்கள் அசைவதில்லை. நம் பக்கத்தில் இரண்டு மானிட்டர் வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கேபிளைத்தான் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. வேலண்டில் ஒரு செயலி தன் ஜன்னலை இன்ன இடத்தில் வை என்று தானே சொல்ல முடியாது. கணினியைத் திரும்பத் தொடங்கினால் பிடிஎஃப் வாசிப்பான் தவறான திரையில் திறக்கும். பிளாஸ்மாவில் ஜன்னல்களை நிர்வகிக்கும் கேவினின் ஜன்னல் விதிகளில் 'இந்தச் செயலி இந்தத் திரையில்' என்று ஒருமுறை எழுதிவைத்தேன், தீர்ந்தது. எக்ஸ்11-ஐ விட முடியாதவர்கள் ஆட்டோரேண்டரை நிறுவிக்கொள்ளுங்கள். எந்த மானிட்டர் இணைந்திருக்கிறது என்று பார்த்து, நீங்கள் சேமித்த அமைப்பை அதுவே கொண்டுவந்துவிடும். ஆனால் எழுத்தளவுச் சிக்கலை அது தீர்க்காது. அதற்கு ஒரே அளவு, ஒரே தெளிவுத்திறன் கொண்ட இரண்டு மானிட்டர்களை வாங்குவதுதான் வழி.