தேர்வுக்கு ஜேபிசிசி 6.2: ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைப் பாடப்புத்தகமாக வாங்கலாமா?

தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் மன்றமான சாக்காப் நடத்தும் தொழில்முறைத் தேர்வுக்குப் படிக்கும் கேண்டிடேட் ஆர்க்கிடெக்ட்கள் (பயிற்சியில் இருக்கும் கட்டடக்கலைஞர்கள்) டர்பனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் கைமாற்றிக்கொள்ளும் நோட்ஸ் கட்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டுமான நிர்வாகப் பகுதிக்கு நாங்கள் முதலில் வாங்கச் சொல்வது ஜேபிசிசி பிரின்சிபல் பில்டிங் அக்ரிமென்ட்டைத்தான், அதாவது கட்டட உரிமையாளரும் கான்ட்ராக்டரும் கையெழுத்திடும் பொது ஒப்பந்தப் பத்திரத்தை. 2018 மே மாதத்து 6.2 பதிப்பு. கூடவே அதன் கான்ட்ராக்ட் டேட்டா என்ற விவரப் படிவமும் வேண்டும். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அபராதம், வேலை முடிய வேண்டிய தேதி எது என்பதெல்லாம் அதில்தான் நிரப்பப்படுகின்றன. அது இல்லாமல் பிரதான பத்திரத்தை மட்டும் படிப்பது இலை போட்டுச் சோறு போடாதது மாதிரி.

நோட்ஸ் ஏன் வேண்டாம்? பாதிக்கு மேல் 2007இன் 5.0 பதிப்பிலிருந்து எழுதியவை. அதில் 24ஆம் பிரிவு பிராக்டிகல் கம்ப்ளீஷன் (கட்டடம் பயன்படுத்தத் தக்க அளவுக்கு முடிந்த நிலை), 6.2இல் அது 19ஆகிவிட்டது, 24 என்பதோ அபராதம். தாமதக் கோரிக்கை, அதாவது தாமதத்துக்காகக் கான்ட்ராக்டர் கூடுதல் நாள் கேட்பது, 29இலிருந்து 23க்கு வந்துவிட்டது. பழையதில் பிராக்டிகல் கம்ப்ளீஷனுக்கும் இறுதி நிறைவுக்கும் நடுவே இருந்த ‘வொர்க்ஸ் கம்ப்ளீஷன்’ என்ற படி இப்போது கிடையாது. அந்தப் படியை விடைத்தாளில் எழுதினால் எந்த நோட்ஸ் படித்தீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

பத்திரத்தின் நடை வறட்டு நடைதான். தடித்த எழுத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் பிரிவில் தனி விளக்கம் உண்டு. அதைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குப் பின்னால் எதுவும் விளங்காது. பொறுமையாக உட்கார்ந்தால், தேர்வில் ஆளை வீழ்த்தும் இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும்.

அவற்றில் முக்கியமானது, உரிமையாளர் சார்பில் ஒப்பந்தத்தை நடத்தும் பிரின்சிபல் ஏஜென்ட்டின் மௌனம். மௌனம் சம்மதம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். 19ஆம் பிரிவில் அது சரி: கான்ட்ராக்டர் கேட்ட பிறகு 5 வேலை நாளுக்குள் குறைப் பட்டியல் தராமல், நினைவூட்டி நோட்டீஸ் வந்த பின்னும் இன்னொரு 5 வேலை நாள் சும்மா இருந்தால், பிராக்டிகல் கம்ப்ளீஷன் ஆகிவிட்டதாகவே கொள்ளப்படும். 23ஆம் பிரிவில் நேர் எதிர். தாமதக் கோரிக்கைக்கு 20 வேலை நாளில் முடிவு சொல்லாவிட்டால் அது மறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். கான்ட்ராக்டர் 30ஆம் பிரிவின் தகராறு வழிக்குத்தான் போக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, கட்டடத் தொழிலின் ஆண்டு விடுமுறை நீங்கலாக. தைப்பூசக் காவடியன்று சைட்டில் ஆள் குறைந்தாலும் அது வேலை நாள்தான், தீபாவளியும் அப்படியே. தாமதம் தெரியவந்ததிலிருந்து 20 வேலை நாளுக்குள் நோட்டீஸ் தராவிட்டால் கோரிக்கையே பறிபோகும். 2025 ஏப்ரல் 1 அன்று தெரியவந்தது என்று வையுங்கள். காலண்டர் நாளாக எண்ணினால் ஏப்ரல் 21. பெரிய வெள்ளி, அதையொட்டிய திங்கள், ஏப்ரல் 28, மே 1 ஆகிய நான்கு அரசு விடுமுறைகளையும் கழித்து, மறுநாளிலிருந்து வேலை நாளாக எண்ணினால் மே 5. இரண்டு வார வித்தியாசம்! ஆனால் குறைபாட்டுப் பொறுப்புக் காலமான 90 நாளும், அபராதமும் காலண்டர் நாள் கணக்கில் ஓடுபவை. பச்சைப் பேனாவில் வேலை நாள், சிவப்பில் காலண்டர் நாள் என்று பத்திரம் முழுக்கக் கோடு போடுங்கள். இந்தப் பகுதிக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

நோட்டீஸ் வேறு, கோரிக்கை வேறு. தாமதத்தை அளவிட முடிந்ததிலிருந்து 40 வேலை நாளில் கோரிக்கை போக வேண்டும். எந்த உட்பிரிவு, காரணம் என்ன, வேலை அட்டவணையின் கிரிட்டிகல் பாத்தை (முடியும் தேதியைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரை) அது எப்படித் தொட்டது, எத்தனை வேலை நாள், கணக்கு எப்படி வந்தது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். மோசமான வானிலை 23.1இல் வரும்: நாள் கிடைக்கும், காசு கிடைக்காது. சைட்டைத் தாமதமாக ஒப்படைத்தது 23.2: இரண்டும் கிடைக்கும்.

பத்திரத்தில் இல்லாதவையும் உண்டு. பிராக்டிகல் கம்ப்ளீஷன் சான்றிதழ் கையில் இருப்பதால் கட்டடத்தில் குடியேறிவிட முடியாது. 1977இன் 103ஆம் சட்டம், பிரிவு 14இன்படி நகராட்சி தரும் ஆக்குபேஷன் சர்டிஃபிகேட் தனி. பின்னாளில் வெளிப்படும் மறைகுறைகளுக்கான பொறுப்பு, பத்திரத்தின்படி, இறுதி நிறைவிலிருந்து 5 ஆண்டு. வீடு கட்டுவோரைப் பதிவுசெய்யும் மன்றமான என்எச்பிஆர்சியின் கட்டமைப்பு உத்தரவாதமும் 5 ஆண்டுதான், ஆனால் அது குடியேறிய நாளிலிருந்து. பத்திரத்தில் இல்லாத இவற்றை ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் மாதிரிக் கேள்வியோ, போட்டுக் காட்டிய கணக்கோ ஒன்றுகூடக் கிடையாது. அது இதன் பெரிய குறை.

கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சிஐடிபி ஏற்ற மற்ற மூன்று ஒப்பந்தப் பத்திரங்களில், அதாவது ஃபிடிக், ஜிசிசி, என்இசியில், என்இசியை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே ப்ராஜெக்ட் மேனேஜர் பதில் தராததைச் சுட்டிக்காட்டிய பிறகும் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால், கோரிக்கையை ஏற்றதாகிவிடும். ஜேபிசிசியின் 23ஆம் பிரிவு மனதில் ஊறுவதற்கு முன் அதைப் படித்தால் இரண்டுமே குழம்பும்.