உவாசி தரவுத்தளம்: ஆட்சி மாறிய பிறகு வரும் எண்ணிக்கைச் சண்டையைத் தாங்குமா?

பழைய ஆட்சி இருக்கும்வரை மனித உரிமை அமைப்புகளிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இது நடந்ததா, இல்லையா? ஆட்சி மாறியதும் கேள்விகள் வேறாகிவிடுகின்றன. மொத்தம் எத்தனை பேர்? யார் சொன்னது? ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிட்டீர்களா? எங்கள் தளபதியின் பெயரை எதை வைத்துச் சேர்த்தீர்கள்? நேற்றுவரை அறிக்கையைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களே இன்று அதை நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். நிறவெறி ஆட்சிக்கால மீறல்களை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை 1998 அக்டோபரில் வெளிவந்தபோது, அதைத் தடுக்க வழக்குப் போட்டது ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ். வழக்கு தள்ளுபடியானது. முன்னாள் அதிபர் டி கிளர்க்கோ தன்னைப் பற்றிய பகுதியை நிறுத்திவைக்க உத்தரவு வாங்கினார். அச்சான அறிக்கையில் அந்த இடம் கருப்பாகவே வந்தது.

மனித உரிமை மீறல் ஆவணங்களைத் தொகுத்துவைக்கும் உவாசியை இந்தச் சண்டையில் வைத்துப் பார்ப்பதே முறை. பார்க்க அழகாக இருக்கிறதா, வரைபடம் காட்டுகிறதா என்பதெல்லாம் பிறகு.

இது ஹுரிடாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய இலவச, திறமூல மென்பொருள். 1982 முதல் மனித உரிமை ஆவணப்படுத்தலை மட்டுமே செய்துவரும் நிறுவனம் அது. உலாவியில் திறந்தால் போதும், கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தேடித் தரும் சும்மா (SUMMA) என்ற தளம் இதில்தான் ஓடுகிறது.

முதலில் பலம். ஒரு பிடிஎஃப் சாட்சியத்தை ஏற்றி, அதில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்தப் பத்தியையே ஒரு ஆளின் பதிவோடு இணைக்கலாம். பின்னால் யாராவது "இவர் அந்தத் தடுப்பு முகாமில் இருந்ததாக எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், சொடுக்கினால் அந்த வரியிலேயே போய் நிற்கும். எக்செல் தாளில் "மூலம்: சாட்சியம் 214, பக்கம் 3" என்று எழுதிவைப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். குறுக்கு விசாரணையில் ஒரு நிமிடம் தடுமாறினாலே பட்டியல் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆனால் வார்ப்புருக்களை, அதாவது ஒவ்வொரு வகைப் பதிவிலும் என்னென்ன நிரப்ப வேண்டும் என்று வகுக்கும் படிவங்களை, சரியாகப் பிரிக்காவிட்டால் இந்தப் பலம் வீண். புதிதாகத் தொடங்கும் பலர் "பாதிக்கப்பட்டவர்" என்று ஒரே ஒரு வார்ப்புரு போட்டு, அதற்குள் பெயர், தேதி, இடம், சம்பவம், குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாவற்றையும் திணித்துவிடுகிறார்கள். ஒருவர் கைதாகி, சித்திரவதைக்கு ஆளாகி, விடுதலையாகி, ஆறு மாதம் கழித்துக் காணாமல் ஆக்கப்பட்டால் இந்தப் படிவம் அங்கேயே உடைந்துவிடும். மனித உரிமைப் புள்ளியியலாளர் பாட்ரிக் பால் தொண்ணூறுகளில் வகுத்த "யார் யாருக்கு என்ன செய்தார்" என்ற மாதிரிதான் இன்றும் கைகொடுக்கிறது. உவாசியில் அதற்குக் குறைந்தது ஐந்து வார்ப்புருக்கள் வேண்டும்: ஆள், சம்பவம், செயல், மூலம், கூற்று. ஒரே சம்பவத்தில் பல செயல்கள் இருக்கலாம். ஒவ்வொரு செயலுக்கும் பாதிக்கப்பட்டவர் ஒருவர், செய்தவர் ஒருவரோ பலரோ. கூற்று என்பது ஒரு மூலம் சொன்னது, சொன்னபடியே. அதைத் திருத்தவே கூடாது. நாம் எடுக்கும் முடிவு செயல் பதிவில் போகும்.

கூற்றைத் தனியாக வைப்பது கூடுதல் வேலைதான், தட்டச்சு செய்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதன் அவசியம் பெருவைப் பார்த்தால் புரியும். அங்கே உள்நாட்டு மோதலில் கொல்லப்பட்டோர், காணாமல் போனோர் எண்ணிக்கையை 69,280 என்று உண்மை ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. 61,007 முதல் 77,552 வரை இருக்கலாம் என்று வரம்பும் கொடுத்தது. ஒவ்வொரு தலையாக எண்ணி வந்த தொகை அல்ல அது. வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே திரட்டிய பட்டியல்களில் எத்தனை பெயர்கள் பொதுவாக வருகின்றன என்பதை வைத்து, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் என்று கணித்தது. 2019இல் ஒரு பொருளியலாளர் அந்தத் தரவையே மறுபடி ஆராய்ந்து, மொத்தம் சுமார் 48,000தான், ஒளிரும் பாதை என்ற மாவோயிஸ்ட் கிளர்ச்சி இயக்கத்தைவிட அரசுப் படைகள் கொன்றதே அதிகம் என்று எழுதினார். ஆணையத்துக்காகக் கணக்குப் போட்டவர்கள் அதை மறுத்து அதே ஆண்டில் பதில் எழுதினார்கள். பதினாறு ஆண்டு கழித்தும் இந்த விவாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம், எந்தப் பெயர் எந்தெந்தப் பட்டியலில் இருந்தது என்ற தகவல் அழியாமல் இருந்ததுதான்.

உவாசி பயனர்கள் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில். ஒரே ஆள் இரண்டு பதிவாக வந்திருப்பதைப் பார்த்ததும் ஒன்றை அழித்துவிடுகிறார்கள். பட்டியல் சுத்தமாகிவிடும், ஆனால் பட்டியல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு தொலைந்துபோகும். பிறகு எந்தப் புள்ளியியலாளர் வந்தாலும் மதிப்பீடு செய்ய முடியாது. அழிக்காமல், இரண்டு கூற்றையும் ஒரே ஆள் பதிவோடு இணையுங்கள். தவறான பதிவு என்றால் "ரத்து" என்று ஒரு நிலை கொடுத்து, காரணத்தை ஒரு வரியில் எழுதி, பொதுப் பார்வையிலிருந்து மறையுங்கள். இரட்டைப் பதிவுகளைத் தானாகக் கண்டுபிடித்துத் தருவதை உவாசியிடம் எதிர்பார்க்க வேண்டாம். பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தேதி ஆகியவற்றை சிஎஸ்வியாக (விரிதாளில் திறக்கும் எளிய உரைக் கோப்பாக) வெளியே எடுத்து, வேறு கருவியில் ஒப்பிட்டு, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இனி குறைகள். பெரியது தேதி. தேதிப் புலம், அதாவது தேதியை நிரப்பும் கட்டம், முழுத் தேதியை மட்டுமே ஏற்கும். நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். சாட்சி "மழைக்காலம் முடிந்த சமயம்" என்பார். தட்டச்சு செய்பவர் அந்த மாதத்தின் முதல் தேதியைப் போட்டுவிடுவார். ஓராண்டு கழித்து வரைபடம் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கொலைகள் குவிந்திருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. தேதி வரம்புப் புலத்தைப் பயன்படுத்தித் தொடக்கம், முடிவு இரண்டையும் போடுங்கள். பக்கத்திலேயே "நாள் உறுதி / மாதம் உறுதி / ஆண்டு மட்டும்" என்று ஒரு தேர்வுப் புலம், சாட்சி சொன்ன வாசகத்துக்கு ஓர் உரைப் புலம். மூன்றும் சேர்ந்தால்தான் தாங்கும்.

அடுத்தது மறைப்பு. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதி ஒரு முழுப் பதிவுக்குத்தான். பதிவுக்குள் ஒரு புலத்தை மட்டும் மறைக்க வழியில்லை. பதிவைப் பொதுவில் விட்டால் அதோடு சேர்ந்த பிடிஎஃபும் பொதுவில் போகும். ஆகவே சாட்சியின் பெயர், தொலைபேசி, முகவரி ஆகியவை எப்போதும் பொதுவாக்கப்படாத தனி வார்ப்புருவில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே ஒரு குறியீட்டு எண் மட்டும். பிடிஎஃபில் பெயரை மறைக்கும்போது கருப்புப் பெட்டி வரைந்தால் போதாது, அடியிலுள்ள எழுத்தை நகலெடுத்துவிடலாம். அந்தப் பக்கத்தைப் படமாக மாற்றி, புதிய பிடிஎஃப் செய்து, அதை ஏற்றுங்கள். மூலக் கோப்பு வேறிடத்தில் இருக்கட்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயருக்கும் இதே கவனம் வேண்டும். அறிக்கையில் பெயர் வரப்போகிறவருக்கு உரிய காலத்தில் அறிவிப்பும் போதிய விவரமும் தர வேண்டும் என்று தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் ஆணையத்துக்குச் சொன்னது. தன்னார்வ அமைப்பை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் அவதூறு வழக்கு வரும்போது கேட்கப்படுவது அதுதான். ஆகவே குற்றம் சாட்டப்பட்டவருக்கு நான்கு புலங்கள் சேருங்கள்: அறிவிப்பு அனுப்பிய நாள், எந்த வழியில், பதில் வந்ததா, பதிலின் கோப்பு. இவை காலியாக இருக்கும் பதிவைப் பொதுவாக்கக் கூடாது என்ற விதியை உவாசி தானாக அமல்படுத்தாது. வெளியிடும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுத்து, மற்றவர்களை ஒத்துழைப்பாளர் நிலையில் வைத்தால் ஓரளவு கட்டுப்படும்.

திருத்த வரலாற்றிலும் மனநிறைவில்லை. யார், எப்போது, எந்தப் பதிவைத் தொட்டார் என்று நிர்வாகிக்குக் காட்டும் செயல்பாட்டுப் பதிவேடு இருக்கிறது. முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன என்று புலம் வாரியாக ஒப்பிட்டுக் காட்டும் வசதி இல்லை. தேர்வுப் புலங்களுக்கு மதிப்புகளைத் தரும் சொற்பட்டியலில் "தடுப்புக்காவல் மரணம்" என்ற வகையை "சட்டத்துக்குப் புறம்பான கொலை" என்று மாற்றினால், பழைய பதிவுகள் அத்தனையும் ஒரே நொடியில் மாறிவிடும். வார்ப்புருவிலிருந்து ஒரு புலத்தை நீக்கினால் எல்லாப் பதிவிலும் அந்தத் தகவல் போய்விடும். எனவே வகையின் பெயரை மாற்றாதீர்கள், புதிய வகை சேருங்கள். எண்ணிக்கையை வெளியிடும் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் சிஎஸ்வியாக எடுத்து, ஷா-256 ஹேஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு, அந்த ஹேஷையும் நாளையும் அறிக்கையிலேயே அச்சிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி விசாரித்த அர்ஜென்டினாவின் கோனாடெப் ஆணையம் 1984இல் 8,961 பெயர்களைக் கொடுத்து, இது முடிவடையாத பட்டியல் என்றும் சொன்னது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. ஆணையத்தின் எண்ணையே முழுமொத்தம் என்று காட்டி அந்த 30,000ஐ மறுப்பவர்கள் இன்றும் உண்டு. எந்த நாளின் நிலவரம், பட்டியல் திறந்ததா மூடியதா என்ற இரண்டு விவரமும் எண்ணோடு ஒட்டியே போக வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல.

சிஎஸ்வி இறக்குமதி வேகமானது, ஆபத்தானதும்கூட. தேர்வுப் புலத்தில் சொற்பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால், பிழை என்று நிறுத்தாமல் புதிய மதிப்பாகச் சேர்த்துவிடும். ஒரே மாவட்டத்தின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தால் மூன்று மாவட்டங்கள் உருவாகும். முதலில் இருபது வரிகளை மட்டும் ஏற்றி, சொற்பட்டியலைத் திறந்து பாருங்கள். கோப்பு யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பல மதிப்புகளைச் செங்குத்துக் கோட்டால் பிரிக்க வேண்டும். பிடிஎஃப்களையும் சேர்த்து ஏற்ற, அவற்றோடு சிஎஸ்வியை ஒரே ஜிப்பில் வையுங்கள்.

களத்தில் தகவல் திரட்ட உதவும் டெல்லா (Tella) என்ற கைபேசிச் செயலியோடு இணைத்தால் வார்ப்புருக்கள் கைபேசியிலேயே வரும், இணையம் இல்லாத இடத்தில் நிரப்பிப் பிறகு அனுப்பலாம். கோப்புகள் கைபேசியில் மறையாக்கப்பட்டே இருக்கும், ஆண்ட்ராய்டில் செயலி கால்குலேட்டர் வேடமும் போடும். நல்ல இணை. ஒன்று மட்டும்: படம், காணொளியை ஏற்றுவதற்கு முன்பே அவற்றின் ஹேஷை எடுத்து ஓர் உரைப் புலத்தில் எழுதிவையுங்கள். எழுத்தைத் தேடும்படி ஓசிஆர் செய்த பிடிஎஃபின் ஹேஷ் மூலக் கோப்போடு பொருந்தாது, அதைக் கண்டு பதற வேண்டாம்.

சொந்த சர்வரில் நிறுவ மோங்கோடிபி (தரவுத்தளம்), எலாஸ்டிக்சர்ச் (தேடல் பொறி) இரண்டும் தெரிந்த ஒருவர் தொடர்ந்து வேண்டும், ஒருமுறை வந்து நிறுவிவிட்டுப் போகிறவர் போதாது. புதிதாக நிறுவியதும் எல்லாருக்கும் தெரிந்த நிர்வாகிக் கடவுச்சொல்தான் இருக்கும். முதல் வேலை அதை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பைப் போடுவது. பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஏற்றிய கோப்புகள் இருக்கும் கோப்புறையை மறந்துவிடுகிறார்கள். மீட்டபின் பதிவுகள் இருக்கும், சாட்சியம் ஒன்றும் திறக்காது. தேடல் அட்டவணையை மறுபடி கட்டிக்கொள்ளலாம், அதற்குப் பேக்கப் தேவையில்லை. ஆள் இல்லாத அமைப்புகள் ஹுரிடாக்ஸிடமே சர்வர் வசதி கேட்பது நல்லது. புதிய அரசின் எல்லைக்கு வெளியே தரவு இருப்பதும் அதில் ஓர் ஆதாயம்.

சில நூறு பெயர்கள், இரண்டு பணியாளர்கள், பொதுவில் வெளியிடும் எண்ணமில்லை என்றால் இது தேவைக்கு மீறியது. மறையாக்கிய வட்டில் ஒழுங்காக வைத்த ஒரு விரிதாளே போதும், மேலே சொன்ன ஐந்து பிரிவுகளையும் ஐந்து தாள்களாக வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான ஆவணங்கள், பல அமைப்புகளின் பட்டியல்கள், பொதுமக்கள் தேடிப்பார்க்க ஒரு தளம் என்று வந்தால் தாராளமாக உவாசியை எடுக்கலாம், மாதம் ஒருமுறை ஹேஷோடு வெளியே எடுத்துவைக்கும் சிஎஸ்வியையும் சேர்த்து.