வயசுக்கேத்த கிளாஸா, படிச்ச வருஷத்துக்கேத்த கிளாஸா? நாடு மாறும்போது சின்னப்பிள்ளைய எங்க சேக்குறது

பொண்ணுக்கு ஆறு வயசு முடிஞ்ச கையோட இங்கிலாந்துலேர்ந்து ஜெர்மனிக்கு மாறினோம். அங்க ரிசப்ஷன்னு சொல்ற முதல் வருஷம், அடுத்த இயர் ஒன் ரெண்டும் முடிச்சிருந்தா, குட்டிக் கதைப் புத்தகத்த தானா எழுத்துக்கூட்டி படிப்பா, இருபது வரைக்கும் கூட்டல் கழித்தல் போடுவா. இங்க ஸ்கூல்ல கேட்டப்போ ஆறு வயசுன்னா ஒண்ணாங்கிளாஸ்தான், நீங்க ரொம்ப வற்புறுத்தினா ரெண்டாங்கிளாஸ்ல வச்சு பாக்கலாம்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் ஸ்கூல் போன பிள்ளைய மறுபடி முதல் எழுத்துலேர்ந்து உக்கார வைக்கிறதான்னு ராத்திரி முழுக்க நானும் அவரும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வர முடியல. இப்ப அவ நாலாங்கிளாஸ். அன்னிக்கு எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு தோணுறதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல கிளாஸ் நம்பர மறந்துடுங்க. நம்ம எல்லாரும் பண்ற தப்பு அதுதான், இங்க ரெண்டாவது அப்போ அங்கயும் ரெண்டாவதுன்னு. அந்த நாட்டுல படிக்க எழுத எந்த வயசுல சொல்லித்தர ஆரம்பிக்கிறாங்க, அதத்தான் பாக்கணும். இங்கிலாந்துல நாலு வயசு முடிஞ்சு வர்ற செப்டம்பர்லயே ரிசப்ஷன், அன்னிலேர்ந்தே ஒலிய வச்சு எழுத்துக்கூட்டுற ஃபோனிக்ஸ். பின்லாந்துல அந்தக் காலண்டர் வருஷத்துல ஏழு வயசு ஆகுற பிள்ளைதான் ஒண்ணாங்கிளாஸ், அதுக்கு முந்தின ஒரு வருஷம் ப்ரீ-ப்ரைமரி, அது 2015லேர்ந்து கட்டாயம், ஆனா அங்க படிப்புன்னு உக்கார வைக்கிறது கம்மி. ஜெர்மனி நடுவுல, ஆறு வயசு. டிசம்பர்ல ஏழு வயசு ஆகப்போற ஒரே பிள்ளை பின்லாந்துல ஸ்கூலோட முதல் வருஷத்துல இருக்கும், இங்கிலாந்துல அதே செப்டம்பர்ல இயர் டூல, அதாவது ஸ்கூலோட மூணாவது வருஷத்துல இருக்கும். பிள்ளை ஒண்ணுதான், மூளையும் ஒண்ணுதான். இதுல யார் முன்னாடி யார் பின்னாடின்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல, காலண்டர்தான் வேற.

அதனால எந்த நாட்டு சிஸ்டம் உசத்தின்னு கேக்குறவங்களுக்கு நான் பதிலே சொல்றதில்ல, எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போறீங்கன்னுதான் திருப்பிக் கேப்பேன். சீக்கிரம் ஆரம்பிக்கிற நாட்டுலேர்ந்து லேட்டா ஆரம்பிக்கிற நாட்டுக்குப் போறது ஒரு கதை, அங்கேர்ந்து இங்க வர்றது முழுக்க வேற கதை.

எங்க கதை முதல் வகை. நாங்க கடைசியில ஒண்ணாங்கிளாஸ்லயே போட்டோம். வருஷம் வீணாகும்னு பயந்தோம் இல்லையா, அப்படி ஆகவே இல்ல, ஏன்னா கிளாஸ்ல இருக்குற மொத்தப் பிள்ளைகளும் அப்பதான் எழுத்தே கத்துக்கிறாங்க, டீச்சர் ஒவ்வொரு எழுத்தையும் படத்தோட, பாட்டோட, கைய ஆட்டி ஆட்டி சொல்லித்தர்றாங்க, புது மொழி கத்துக்க வர்ற பிள்ளைக்கு இதவிட நல்ல இடம் கிடைக்காது. ரெண்டாங்கிளாஸ்ல போட்டிருந்தா எல்லாரும் வாக்கியமா எழுதிக்கிட்டு இருக்கும்போது இவ மட்டும் வார்த்தைக்கு அர்த்தம் தேடிக்கிட்டு உக்காந்திருப்பா.

ஏற்கெனவே படிக்கத் தெரிஞ்சதே சில நேரம் இடைஞ்சலாவும் இருந்துச்சு, இத யாரும் முன்னாடி சொல்லல. எழுத்து அட்டையில முள்ளெலி படம் போட்டு 'ஐ' (I) எழுத்துக்கு ஈகல்னு இருக்கும், ஜெர்மன்ல முள்ளெலிக்கு அதான் பேர். இவ அத 'ஐகல்'னு படிச்சா. 'டபிள்யூ'வுக்கு வ சத்தம், 'வி'க்கு பெரும்பாலும் ஃப சத்தம், 'இசட்'டுக்கு ட்ஸ. ரெண்டு வருஷமா மனசுல பதிஞ்ச சத்தத்தையெல்லாம் ஒரு ஓரமா எடுத்து வச்சுட்டு அதே உருவத்துக்கு வேற சத்தம் போடணும். கணக்குல இன்னொண்ணு, நாப்பத்தேழுங்கிறத ஜெர்மன்ல ஏழும் நாப்பதும்னுதான் சொல்லுவாங்க. டிக்டேஷன்ல இவ முதல்ல காதுல விழுந்த ஏழ எழுதிட்டு, அப்புறம் அதுக்கு இடது பக்கம் நாலு எழுத இடம் இல்லாம நோட்டு ஓரத்துல இடிச்சுக்கிட்டு எழுதியிருந்தா. அந்த நோட்ட இன்னும் வச்சிருக்கேன். கணக்கு தெரியலன்னு டீச்சர் நினைச்சிடக் கூடாதேன்னு போய் விளக்கினேன், அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு, இங்க பொறந்த பிள்ளைகளும் இதே தப்பு பண்ணும்னாங்க.

ரெண்டாவது வகை கஷ்டமானது. எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் பின்லாந்துலேர்ந்து இங்கிலாந்து போனாங்க, பையன் நான் மேல சொன்ன மாதிரி டிசம்பர் பிள்ளை. நேரா இயர் டூ, வயசுப்படிதான் கிளாஸ், ஒரு கிளாஸ் கீழ போடுங்கன்னு கேட்டா அரசு ஸ்கூல்ல லேசுல ஒத்துக்க மாட்டாங்க. பின்னிஷ் மொழியில ஒரு எழுத்துக்கு ஒரு சத்தம்தான், ஒண்ணாங்கிளாஸ் ஆரம்பிச்ச சில மாசத்துல பெரும்பாலான பிள்ளைங்க படிச்சிடும், அவசரமே தேவைப்படாது. இங்கிலீஷ்ல 26 எழுத்த வச்சு கிட்டத்தட்ட 44 சத்தம், அதுல விதிவிலக்கும் நிறைய, அதனால படிக்கப் பழக நாள் பிடிக்கும். இயர் ஒன் கடைசியில ஃபோனிக்ஸ் டெஸ்ட் ஒண்ணு உண்டு, 2012லேர்ந்து இருக்கு, 40 வார்த்தை, அதுல 20 வார்த்தை அர்த்தமே இல்லாதது, பக்கத்துல வேற்றுக்கிரகப் பிராணி படம் போட்டிருப்பாங்க. ஞாபகத்துலேர்ந்து சொல்லாம எழுத்துக்கூட்டித்தான் படிக்குதான்னு பாக்குறதுக்கு. இயர் ஒன்ல எழுதாத பிள்ளை இயர் டூல எழுதணும். அந்தப் பையன பாவம் ரிசப்ஷன் பிள்ளைங்க புத்தகத்தோட தனியா உக்கார வச்சாங்க, வீட்டுக்கு வந்து நான் மட்டும்தான் முட்டாள்னு அழுதிருக்கான். அவன் முட்டாளே கிடையாது, அவனுக்கு யாரும் இன்னும் சொல்லித்தரவே இல்ல, அவ்வளவுதான். இத அவனுக்குப் புரியுற மாதிரி திரும்பத் திரும்ப வீட்டுல சொல்லணும், அதுவே பாதி வைத்தியம். மீதிப் பாதிக்கு அவங்கம்மா தினம் பதினஞ்சே நிமிஷம் சத்தங்கள சொல்லிக்கொடுத்தாங்க, ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிட்டான். இந்தத் திசையில போறவங்க கிளம்புறதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடியே ஃபோனிக்ஸ் தொடங்கிடுங்க, இது ஒண்ணுல மட்டும் தள்ளிப் போடாதீங்க.

இன்னும் சில நாடுகள கேக்குறவங்களுக்காக. ஜப்பான்ல வருஷம் ஏப்ரல்ல தொடங்குது, வயசுப்படிதான் கிளாஸ், ஒரு கிளாஸ்ல திரும்ப உக்கார வைக்கிற வழக்கமே அனேகமா இல்ல. அங்க ஒண்ணாங்கிளாஸ்ல கான்ஜிங்கிற சீன வழி எழுத்து 80, ரெண்டாங்கிளாஸ்ல இன்னும் 160, ஆக மூணாங்கிளாஸ்ல நுழையுற பிள்ளை 240 எழுத்து கடனோட நுழையுது, ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போறதுக்குள்ள கடன் ஏறிடும்னு கணக்குப் பண்ணிக்கோங்க. பிரான்ஸ்ல வேற ஒரு சிக்கல், எழுத்துகள சேத்துச் சேத்து எழுதுற கர்சிவ் ரொம்பச் சீக்கிரம் வந்துடும், தனித்தனி எழுத்தா எழுதிப் பழகின பிள்ளைக்கு போர்டுல டீச்சர் எழுதுறதே படிக்க வராது, மொழி தெரியாததால முழிக்குதுன்னு நினைப்போம், நிஜத்துல எழுத்தோட வடிவம்தான் தெரியாம இருக்கும். அமெரிக்காவுல ஸ்கூல்ல சேக்க வயசு கணக்குப் பாக்குற கட்-ஆஃப் தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், மொழி தெரியாத பிள்ளைக்கு உதவி தரணுங்கிறது 1974லயே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம், அதனால கேட்டு வாங்க தயங்காதீங்க. ஆஸ்திரேலியாவுல ஜனவரி கடைசியில தொடங்கும், முதல் வருஷத்துக்குப் பேரே ஒவ்வொரு மாநிலத்துல ஒண்ணு, நியூ சவுத் வேல்ஸ்ல கிண்டர்கார்ட்டன், விக்டோரியாவுல ப்ரெப். பேர வச்சு எல்கேஜின்னு நினைச்சுடாதீங்க, அது நிஜ ஸ்கூல்தான்.

சிங்கப்பூர தனியா சொல்லணும். ஏழு வயசு ஆகுற வருஷத்துல ஜனவரியில ப்ரைமரி ஒன், பாக்க பின்லாந்து மாதிரி லேட்டா இருக்கும், ஆனா வர்ற பிள்ளைங்க நிறைய பேர் படிக்கத் தெரிஞ்சுதான் வர்றாங்க, வேகமும் வேற. வெளிநாட்டுப் பிள்ளை ப்ரைமரி டூலேர்ந்து ஃபைவ் வரைக்கும் சேரணும்னா ஏஈஐஎஸ்னு ஒரு நுழைவுத் தேர்வு, இங்கிலீஷும் கணக்கும், எழுதினாலும் இடம் உறுதி கிடையாது. கணக்குல எண்கள நீளக் கட்டமா வரைஞ்சு தீர்க்குற முறைய அங்க சின்ன வயசுலயே பழக்குறாங்க, வெளியேர்ந்து வர்ற பிள்ளைக்கு விடை தெரிஞ்சும் கட்டம் போடத் தெரியாது. நம்ம ஆட்களுக்கு ஒரு நல்ல விஷயம், தாய்மொழிப் பாடத்துல தமிழ் இருக்கு.

சரி, லோக்கல் ஸ்கூலா, இன்டர்நேஷனல் ஸ்கூலா, இல்ல பழைய நாட்டு சிலபஸ ஆன்லைன்ல தொடர்றதா? மூணாவத முதல்ல தள்ளிடலாம். ஜெர்மனியில வீட்டுப் படிப்புக்கு அனேகமா சட்டத்துலயே இடமில்ல, பிரான்ஸ்ல 2022லேர்ந்து முன்னனுமதி வேணும். இடம் இருக்குற நாட்டுலயும் ஆறு வயசுப் பிள்ளைய ஸ்கிரீன் முன்னாடி உக்கார வச்சா அதுக்கு ஒரு ஃப்ரெண்டு கூட கிடைக்காது, எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

மத்த ரெண்டுக்கும் நான் வச்சிருக்குற அளவுகோல் எத்தன வருஷம் இருக்கப்போறீங்கங்கிறதுதான். ஜிம் கம்மின்ஸ்னு ஒரு கனடா ஆய்வாளர் 1979லேர்ந்தே ஒரு வேறுபாட்ட சொல்லிட்டு வர்றார், விளையாட்டுல பேசுற மொழி ரெண்டு வருஷத்துல வந்துடும், பாடம் படிக்கிற மொழி சமமா வர அஞ்சுலேர்ந்து ஏழு வருஷம் ஆகும்னு. ஒன்றரை ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவோம்னா லோக்கல் ஸ்கூல்ல பிள்ளை பேச மட்டும் கத்துக்கிட்டு, பாடத்துக்கு வர்றதுக்குள்ள பெட்டி கட்டணும், அப்போ பழைய சிலபஸ் இருக்குற இன்டர்நேஷனல் ஸ்கூல் நியாயம். மூணு வருஷத்துக்கு மேலன்னா, பிள்ளைக்கு எட்டு வயசுக்குள்ளன்னா, யோசிக்காம லோக்கல் ஸ்கூல். இன்டர்நேஷனல் ஸ்கூல்ல வருஷா வருஷம் பாதி கிளாஸ் மாறிடும், இவ ஒட்டின ஃப்ரெண்டு ஜூன்ல போயிடுவா. தெருவுல விளையாடுற பிள்ளைங்க பேசுறது புரியாம ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நிக்கிறது சிலபஸ் விட்டுப்போறதவிட பெரிய நஷ்டம்னு நான் மனசார நம்புறேன்.

லோக்கல் ஸ்கூல்ல ஒண்ண மட்டும் முன்னாடியே பாத்து வைக்கணும், எந்தக் கிளாஸ்ல பிள்ளைகள மார்க்க வச்சு வேற வேற வகை ஸ்கூலுக்குப் பிரிக்கிறாங்கன்னு. ஜெர்மனியில பெரும்பாலான மாநிலத்துல நாலாங்கிளாஸோட பிரிச்சிடுவாங்க, பெர்லின், பிராண்டன்பர்க்ல ஆறு. மார்க் வேற தலைகீழ், 1தான் ஒசத்தி, 6தான் ரொம்ப மோசம். பவேரியா மாநிலத்துல, யுனிவர்சிட்டிக்குத் தயார் பண்ற கிம்னாசியம்ங்கிற ஸ்கூலுக்குப் போக மூணு பாடத்துல சராசரி 2.33 வேணும், அதுல ஜெர்மன் மொழியும் ஒண்ணு. ஆறு வயசுல வந்த பிள்ளைக்கு இதுக்கு நாலு வருஷம் இருக்கு, ஒன்பது வயசுல மூணாங்கிளாஸ்ல வந்து விழுற பிள்ளைக்கு ஒன்றரை வருஷம்தான். அப்படி வர்றவங்க வெக்கப்படாம ஒரு கிளாஸ் கீழ கேளுங்க, அங்க அது உதவிதான். சிங்கப்பூர்ல ப்ரைமரி சிக்ஸ் முடிவுல பிஎஸ்எல்இங்கிற பொதுத்தேர்வு. பின்லாந்துல ஒன்பதாங்கிளாஸ் வரைக்கும் பிரிக்கிறதே இல்ல, அங்க எந்த வயசுல போனாலும் மூச்சு விட நேரம் இருக்கும், மொழி தெரியாத பிள்ளைக்கு ஒரு வருஷ அளவுக்கு தயாரிப்பு வகுப்பே தர்றாங்க.

ஸ்கூலுக்கு கொண்டுபோக ரிப்போர்ட் கார்டு மட்டும் போதாது. எங்க பொண்ணோட கிரேட பாத்து இங்க யாருக்கும் ஒண்ணும் புரியல, ஆனா அவ எழுதின நோட்ட ரெண்டு காட்டினதும் டீச்சர் அஞ்சு நிமிஷத்துல அவ எங்க இருக்கான்னு பிடிச்சிட்டாங்க. அதனால கிளம்பும்போது எழுத்து நோட்டு, கணக்கு நோட்டு, கடைசியா தானா படிச்ச புத்தகம், மூணையும் கைப்பையில வைங்க, கப்பல்ல போற பெட்டியில போடாதீங்க. தடுப்பூசி அட்டையும் கூடவே இருக்கட்டும், ஜெர்மனியில 2020 மார்ச்லேர்ந்து தட்டம்மை ஊசி போட்டதுக்கு அத்தாட்சி கேக்குறாங்க. பிள்ளைக்கு சிறப்பு உதவித் திட்டம் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தா அது எல்லை தாண்டினதும் செல்லாது, ஆனா அந்த டாக்டர் ரிப்போர்ட்ட மொழிபெயர்த்து வச்சிருந்தா புது ஸ்கூல்ல சும்மா சொல்றதவிட சீக்கிரம் நடக்கும்.

முதல் சில மாசம் ஸ்கூல்ல வாயே திறக்காது பல பிள்ளைங்க. எங்க பொண்ணு செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசல, தலைய மட்டும் ஆட்டுவா. கேட்டுக் கேட்டு சேத்து வைக்கிற காலம் அது. அந்த நேரத்துல வீட்டுலயும் புது மொழியிலயே பேசலாம்னு சிலர் அறிவுரை சொன்னாங்க, நாங்க கேக்கல, வீட்டுல தமிழ்தான், ராத்திரி கதையும் தமிழ்தான். ஒரு மொழியில படிச்சுப் புரிஞ்சுக்கிற பழக்கம் வந்துட்டா அது அடுத்த மொழிக்கும் கூடவே வரும். ஜனவரியில ஒரு நாள் சாயங்காலம் குளிக்கும்போது பொம்மைங்க எல்லாத்தையும் வரிசையா வச்சு டீச்சர் குரல்லயே ஜெர்மன்ல அதட்டிக்கிட்டு இருந்தா, நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், மறுநாள் கிளாஸ்லயும் கைய தூக்கியிருக்கா.