நேர்முனை உடலோடு: 1966 எம்ஜிபியுடன் நான்கு ஆண்டுகள்

சென்ற வாரம் என் எம்ஜிபியின், அதாவது என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின், பேட்டரிகளை மூன்றாவது முறையாக மாற்றினேன். அதே வாரத்தில் இங்கே மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். தமக்கும் ஒரு பழைய எம்ஜிபி ஜிடி (அதே வண்டியின் கூரையுள்ள வடிவம்) கிடைத்திருப்பதாகச் சொல்லி, “அண்ணே, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே மீட்கலாமா, இல்லை காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாமா?” என்று கேட்டார். அன்று சொன்ன பதில் எனக்கு நிறைவாக இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என்னுடையது 1966இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் கட்டப்பட்ட திறந்த வண்டி. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில், முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்ட கொட்டகைக்குள், சிவப்புச் சாயத்தோடு கிடந்தது. இங்கிலாந்தின் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் அக்கால உற்பத்திப் பதிவேடுகளைக் காத்துவருகிறது. கட்டணம் செலுத்தினால் வண்டி கட்டப்பட்ட நாள், நிறம், இஞ்சின் எண் ஆகியவற்றைச் சான்றிதழாக அனுப்புவார்கள். என் சான்றிதழில் நிறம் ஓல்ட் இங்லிஷ் ஒயிட் என்று இருந்தது. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூடியின் அடிப்புறத்தை மணல்தாளால் தேய்த்தபோது, சிவப்புக்குக் கீழே பாலாடை நிறத்தில் அந்த வெள்ளை வெளிப்பட்டது. எதையும் என் விருப்பத்துக்கு மாற்றாமல், அந்தச் சான்றிதழ் சொல்கிறபடியே வண்டியைக் கொண்டுவருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

உடல் வேலைக்கே இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கூரையில்லாத இந்த வண்டியின் பலம் முழுவதும் கதவுக்கு அடியில் மூன்று அடுக்காக ஓடும் சில் தகடுகளில் இருக்கிறது. நம் ஈரத்துக்கு முதலில் பலியாகிறவையும் அவையே. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்யாமல் அவற்றை வெட்டினால், நடு உடல் தொய்ந்து, பிறகு கதவு ஒருபோதும் ஒழுங்காகச் சாத்தாது. தகடுகளை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜிலிருந்து தருவித்தேன். 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே இந்த வண்டிக்கு முழு உடற்கூட்டையும் அடித்துத் தருகிறவர்கள் அவர்கள். தகடுகள் துளைக்குத் துளை பொருந்தின. ஒரே ஓரிடத்தில்தான் தொழிற்சாலையை மீறினேன்: ஈயமில்லாத பெட்ரோலுக்காகச் சிலிண்டர் தலையில் கடினமான வால்வு இருக்கைகளைப் பதித்தேன். அது கண்ணுக்குத் தெரியாது.

இனி, இந்த வண்டி தரும் இன்பத்தைக் குறைத்துச் சொன்னால் அது நியாயமாகாது. சாவியைத் திருப்பியதும் பின் சக்கரத்தருகே எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று விரைவாகத் துடிக்கத் தொடங்கும். இரு கார்புரேட்டர்களின் கிண்ணங்களும் நிரம்ப நிரம்ப அந்தத் துடிப்பு மெதுவாகி, கடைசியாக ஒரு டிக்கோடு நின்றுவிடும். அதற்குப் பிறகே இஞ்சினை எழுப்புவேன். 1798 சிசி இஞ்சின், 95 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் பெரிதல்ல. ஆனால் காலை ஏழு மணிக்கு, கோலகங்சார் பழைய சாலையில், இரு பக்கமும் செம்பனை நிற்க, மூன்றாவது கியரில், இஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டும்போது இஞ்சினின் குரல் ஒரு படி தாழ்ந்து வண்டி வழுக்கிக்கொண்டு போவதை, நான் ஓட்டிய வேறெந்த வண்டியிலும் உணர்ந்ததில்லை. முதல் கியருக்கு, ஓடும்போதே பற்கள் மோதாமல் இணையச் செய்யும் சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுவதும் நின்ற பிறகே அதைப் போட வேண்டும். அது ஒரு வாரத்தில் பழகிவிடுகிறது.

பழகாதது மின்சாரம். முப்பது ஆண்டுகள் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின் பொறுப்பாளராக, வேலை பார்த்தவன் நான். அதனாலேயே இது என்னை அதிகம் வருத்துகிறது. 1966 எம்ஜிபியில் ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்குக் கீழே தொங்கும் தொட்டில்களில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர் பார்க்க இருக்கையை முன்னே தள்ளி, கம்பளத்தைச் சுருட்டி, மூடியின் திருகுகளைத் திருப்பி, தலைகீழாகக் குனிய வேண்டும். தொட்டிலின் அடி திறந்தே இருப்பதால் சக்கரம் வாரியிறைக்கும் செம்மண் சேறு நேராக அங்கே போய்ச் சேர்கிறது. சென்ற வாரம் திறந்தபோது இரு பேட்டரிகளையும் இணைக்கும் கம்பியின் முனையில் விரல் தடிமனுக்குப் பச்சை பூத்திருந்தது.

இரண்டும் தொடராக இணைந்திருப்பதுதான் தொல்லையின் வேர். சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் லூகாஸ் ரெகுலேட்டர் பார்ப்பது மொத்த வோல்ட்டேஜை மட்டுமே. ஒன்றில் ஓர் அறை செத்துவிட்டால், குறைகிற அளவை மற்றது சுமக்கிறது. அது அளவுக்கு மீறி ஏறி, தண்ணீர் வற்றி, சில வாரங்களில் தானும் போகிறது. ஆகவே எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்த அளவிலான 6 வோல்ட் பேட்டரி இந்தச் சிற்றூரில் கிடைப்பதில்லை. ஈப்போவில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

இதோடு பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் டைனமோ வேறு. அதன் உச்ச அளவு 22 ஆம்பியர். அதுவும் இஞ்சின் நன்றாகச் சுற்றும்போதுதான். மாலை நான்கு மணிக்கு மழை கொட்ட, விளக்கும் வைப்பரும் ஓட, சந்தைத் தெரு நெரிசலில் நின்றால், சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுங்கத் தொடங்கிவிடும். ஆம்பியர் மீட்டர் இல்லாததால் அந்த விளக்கைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது, இன்றைய வண்டிகளைப்போல் எதிர்முனை அல்லாமல், இந்த வண்டியில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருப்பது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவசரமாக ஒரு கடையில் பேட்டரி மாற்றக் கொடுத்தேன். அந்தப் பையன் கைப்பழக்கத்தில் எதிர்முனையை உடலோடு சேர்த்துவிட்டான். மூடியின் மேல் எச்சரிக்கை எதுவும் எழுதியிருக்கவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துருவம் மாறினால் தாங்காத ஸ்மித்ஸ் ஆர்பிஎம் மீட்டர் அன்றைக்கே செத்தது. பழுதுபார்த்துத் திரும்பி வர ஐந்து மாதங்கள் ஆயின. டைனமோவின் ஃபீல்டு முனையைப் பேட்டரியோடு ஒரு கணம் தொட்டு அதன் காந்தத்தையும் சரிப்படுத்த வேண்டியிருந்தது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது: அப்படியே மீட்காதீர்கள். உடலையும் நிறத்தையும் இருக்கையின் தையலையும் சான்றிதழ்படி செய்யுங்கள். மின்சாரத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரி, டைனமோவுக்குப் பதிலாக ஓர் ஆல்டர்னேட்டர், எதிர்முனை உடலோடு. 1967 இறுதியில் மார்க் 2 வந்தபோது தொழிற்சாலையே ஆல்டர்னேட்டருக்கும் எதிர்முனைக்கும் மாறிவிட்டது. எங்கள் ஊரைவிட அதிகம் மழை பெய்யும் தைப்பிங்கில் இருந்துகொண்டு என் பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை.

நான் என் வண்டியை மாற்றப்போவதில்லை. கோபம் தணிந்து யோசித்தும் பார்த்துவிட்டேன், முடிவு அதுவே. ஆபிங்டனில் அதைக் கட்டியவர்கள் அப்படித்தான் கட்டினார்கள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எவர் கையும் அந்த வயரிங்கை வெட்டவில்லை. அதை வெட்டும் முதல் கை என்னுடையதாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரம் பேட்டரி மூடியின் அடிப்புறத்தில், நான் தேய்த்துக் கண்ட அந்த வெள்ளைக்கு மேலேயே, சிவப்பு எனாமலில் ‘நேர்முனை உடலோடு’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறேன்.