ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கிய மடிக்கணினி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

128 ஜிபி எஸ்எஸ்டி என்று விற்கப்படும் மடிக்கணினியில் விண்டோஸ் காட்டுவது ஏறத்தாழ 119 ஜிபிதான். என் கணினியில் அதிலும் 13 ஜிபியைத் தயாரிப்பாளரின் ரெக்கவரி பார்ட்டிஷன் (கணினியை மீட்டெடுக்க டிஸ்க்கில் ஒதுக்கிய தனிப் பகுதி) பிடித்துக்கொண்டிருந்ததால், பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் சி டிரைவில் எதையாவது அழித்து இடம் தேட வேண்டியிருந்தது. அந்தப் பார்ட்டிஷனை நீக்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ரெக்கவரி என்ற பெயரில் இரண்டு பார்ட்டிஷன்கள் இருந்தன. சுமார் 1 ஜிபி அளவிலான சிறியது, விண்டோஸ் கிளம்பாதபோது ஸ்டார்ட்அப் ரிப்பேர் போன்ற வசதிகளைத் தருவது. அதை அழித்துக் கிடைக்கும் இடம் அந்த இழப்புக்கு ஈடாகாது. தொழிற்சாலை நிலைக்குத் திரும்புவதற்கான கோப்புகள் இருந்த பெரியதை மட்டுமே நீக்கினேன். விண்டோஸ் 8.1 காலத்தில் விம்பூட் முறையில் வந்த சிறு கருவிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் விண்டோஸே அந்தப் பார்ட்டிஷனில் உள்ள கோப்பிலிருந்துதான் இயங்குகிறது.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இதை நீக்கும் வழி இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டிஸ்க்பார்ட்டில் 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு' கொடுக்க வேண்டும். அது உறுதிதானா என்றுகூடக் கேட்பதில்லை என்பதால், பார்ட்டிஷன் எண்ணை அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டுவது நல்லது.

உண்மையான வேலை அதற்குப் பின்புதான். காலியான இடம் சி டிரைவை ஒட்டி வலப்பக்கம் இருந்தால்தான் விண்டோஸ் அதைச் சேர்த்துக்கொள்ளும். எனக்கோ சிறிய பார்ட்டிஷன் நடுவில் நின்றது. ரீஏஜென்ட்சி கட்டளையால் ரெக்கவரி வசதியை முதலில் முடக்கி, பென்டிரைவிலிருந்து ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளை இயக்கி அந்தப் பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்தி, விண்டோஸுக்குத் திரும்பி சி டிரைவை விரித்த பின் வசதியை மீண்டும் இயக்கினேன். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை முன்பே எழுதிவைத்திருந்தேன்; அது கேட்கப்படவில்லை.

இழப்பு என்றால், கணினியை ஆன் செய்யும்போது அழுத்தும் ஃபேக்டரி ரீசெட் விசை இப்போது வேலை செய்யாது. இடையில் ஒருமுறை விண்டோஸை முழுவதும் ரீசெட் செய்ய நேர்ந்தபோது, கிளவுட் டவுன்லோட் வழியாக 4 ஜிபி அளவுக்கு இறக்க வேண்டியிருந்ததே தவிர வேறு சிக்கல் இல்லை. உரிம எண் மதர்போர்டின் ஃபெர்ம்வேரிலேயே இருப்பதால் ஆக்டிவேஷன் தானாக நடந்தது. இணைய வசதி சீராக இல்லாதவர்கள் 16 ஜிபி பென்டிரைவில் ரெக்கவரி டிரைவ் ஒன்றை முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. 512 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த 13 ஜிபி பொருட்டே அல்ல.